ஆபீசு வண்டி எங்களை விட்டுட்டுப் போனதில்லை

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு நம்ம விடுதிகளோட பேரை மாத்துச்சு. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று தனித்தனியாய் இருந்ததெல்லாம் இனி சமூகநீதி விடுதிகள் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு, அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்தப் பேச்சோட தொடர்ச்சிதான் இந்தப் பேர் மாற்றம். நல்லதுதான்.

நான் அந்த விடுதியில இருந்த காலத்துல எங்க பக்கம் அதுக்கு அரிசன ஆஸ்டல்னு பேரு. அரசாங்கம் துறையோட பேரை மாத்தி எவ்வளவோ காலம் ஆன பெறகும் பஸ் கண்டக்டருக்கு அதுதான் ஸ்டாப்பிங். "அரிசன ஆஸ்டல்லாம் எறங்கு"ன்னு அவரு சத்தம் போட்டா மொத்த பஸ்ஸும் திரும்பிப் பாக்கும். எறங்குறது யாருன்னு தெரிஞ்சுக்கணும்ல.

இப்ப கல்லூரிகள்ல மாணவர் மனநலம்னு அடிக்கடி கூட்டம் போடுறாங்க. தனிமையைப் பத்திப் பேசுறாங்க. செல்போனைக் கொஞ்சம் தள்ளி வை, நண்பர்களைச் சேத்துக்க, மனசுவிட்டுப் பேசுன்னு சொல்றாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க சொல்ற தனிமை, வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாசம் வர்ற தனிமை. பழகினாப் போயிரும். எங்களுக்கு வந்தது பழகப் பழகக் கூடின தனிமை. அதை யாரோ ஒரு ஆள் ஒரு மேசைக்கு முன்னால உக்காந்து, ஒரு பதிவேட்டை வச்சுக்கிட்டுச் செஞ்சாங்க. நோட்டீஸ் போர்டுல செஞ்சாங்க. மெஸ்ஸுல செஞ்சாங்க. அதனால இதை மனநல டாக்டர் கிட்ட மட்டும் விட்டுர முடியாது. எங்க வரலாறு இதுல இருக்கு.

எங்க தெரு வெம்பக்கோட்டைப் பக்கம். வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளியில தமிழ். அருந்ததியர்ங்கற சொல்லு ஊர்க்காரங்க வாயில வராது, வேற சொல்லுதான் வரும். கரிசல் பூமி, மானம் பாத்த வெவசாயம். எங்களுக்கு அதுவும் சொந்தம் இல்ல. எங்க சனங்களுக்கு விடிஞ்சா ஆபீசு. வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொன்னா சிரிப்பாங்க. சிவகாசிப் பக்கம் ஆலைன்னு யாரும் சொல்றதில்ல. தீப்பெட்டி ஆபீசு, வெடி ஆபீசு. எங்கம்மா ஆபீசுக்குப் போயிருக்குன்னு நான் பல்கலைக்கழகத்துல முதல் நாள் சொன்னதை ஒரு பொண்ணு நிஜமாவே ஆபீசுன்னு நெனச்சு, என்ன டிபார்ட்மென்டுன்னு கேட்டுச்சு.

விடியக்காலம் நாலரை மணிக்கு ஆபீசு வண்டி வரும். தெரு முக்குல ரெண்டு தரம் ஹாரன் அடிப்பான். சின்னப் பிள்ளைகளை அம்மாமாரு தூக்கத்தோட தூக்கிட்டு வந்து ஏத்துவாங்க. எங்கக்கா பத்து வயசுல ஏறுச்சு. தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்குற வேலை. குச்சியைக் கட்டையில வரிசை வரிசையா அடுக்கணும், எத்தனை கட்டைன்னு எண்ணித்தான் கூலி. கை வேகமா ஓடணும்னா பிஞ்சு விரல் வேணும். அதுக்குத்தான் பிள்ளைகளைத் தேடினாங்க. வயசுக்கு வந்ததும் அக்கா வெடி ஆபீசுக்கு மாறிருச்சு. குழாய் உருட்டும், திரி வெட்டும், சரம் பின்னும். சாயங்காலம் எறங்குறப்ப அலுமினியப் பவுடர் ஒட்டி முகமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும். சோப்புப் போட்டாலும் காதோரத்துல கொஞ்சம் நிக்கும்.

நான் படிச்சேன். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுல ஒரு ஆளுக்கு முன்பணம் வாங்கியாச்சு, ரெண்டாவது ஆளுக்கு வாங்குற நெருக்கடி அந்த வருசம் வரல. அதுக்குள்ள நான் அஞ்சாப்பு தாண்டிட்டேன். பெறகு அக்கா என்னை வண்டியில ஏற விடல.

அந்த வண்டியைப் பத்தி ஒரு விசயம் சொல்லணும். உள்ள ஒரே கும்மாளமா இருக்கும். ஒருத்தி பாட்டுப் பாடுவா, ஒருத்தி சினிமாக் கதை சொல்லுவா, ஒருத்தி புருசன் அடிச்ச கதையைச் சொல்லி அழுவா, நாலு பேரு சேந்து அவனை வைவாங்க. அவசரத்துல கஞ்சி எடுத்துட்டு வராதவளுக்கு மத்தவ தூக்குச்சட்டியில பங்கு இருக்கும். ஒருத்தி வரலன்னா டிரைவரை நிப்பாட்டச் சொல்லி, வீட்டு வாசல் வரைக்கும் போயி எழுப்பிக் கூட்டிட்டு வருவாங்க. என் அனுபவத்துல அந்த வண்டி எங்க தெருவுல ஒருத்தரைக்கூட விட்டுட்டுப் போனதில்ல. எட்டரை மணிக்கு அதே தெரு முக்குல நான் மட்டும் பைக்கட்டோட தனியா நிப்பேன். ஸ்கூல் பஸ்ஸு சில நாள் நிக்கும், பல நாள் நிக்காது.

வண்டியை நான் புகழல. அது எங்க கொண்டு போயி எறக்கினுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 1991 ஜூலை 12-ல் மீனம்பட்டியில் வெடி விபத்து. அந்த ஆண்டு சிவகாசியில் நடந்த விபத்தில் 39 பேர் செத்ததை, குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பில் உச்சநீதிமன்றமே பதிஞ்சிருக்கு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் வரைக்கும் போனாங்க. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல. இதுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டா செத்தவங்களைப் பேப்பர்ல உள்பக்கத்துலதான் தேடணும். சாகிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போற வண்டியிலதான் எங்களுக்கு உக்கார எடம் இருந்துச்சு. அறிவு குடுக்குற எடத்துக்குப் போற வழியில எடம் இல்ல. இதை எந்த உளவியல் புத்தகத்துல போயிப் படிக்கிறது?

1995-ல கல்லூரியில சேந்தேன். அப்ப எங்க சர்டிபிகேட்டுல காமராசர் மாவட்டம்னு இருக்கும். பெரிய ராமநாதபுரம் மாவட்டத்தை 1985-ல பிரிச்சப்ப வச்ச பேரு. எங்க மாவட்டத்துக் கல்லூரிகளோட பேரைக் கொஞ்சம் வரிசையாச் சொல்லிப் பாருங்க. விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1947. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1963. சாத்தூர் எஸ். ராமசாமி நாயுடு நினைவுக் கல்லூரி, 1970. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, 1973. ஒவ்வொண்ணும் யாரோ ஒரு சமூகம், ஒரு குடும்பம் தன் காசைப் போட்டுக் கட்டினது. லட்சக்கணக்கான பேரு படிச்சிருக்காங்க, எங்க சனங்களும் படிச்சிருக்காங்க. குறையாச் சொல்லல.

சொல்லப்போனா அதுல நாம படிச்சுக்க வேண்டியது இருக்கு. நாடார்களையும் ஒரு காலத்துல கோயிலுக்குள்ள விடல. 1899-ல சிவகாசியில அவங்க மேல பெரும் கொள்ளை நடந்துச்சு. அவங்க என்ன செஞ்சாங்க? உறவின்முறை வச்சாங்க, வியாபாரத்துல மகமை புடிச்சாங்க. விருதுநகர்ல சத்திரிய வித்தியாசாலைப் பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வச்சாங்க. காமராசர் படிச்சது அங்கதான். உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வச்ச பொம்பளைங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் நம்ம பள்ளிக்கூடம். அதுல படிக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். சொந்தம்ங்கறது அப்படித்தான் உண்டாகுது. எங்ககிட்ட மகமை புடிக்க வியாபாரம் இல்ல. பிடி அரிசி எடுக்க உலையில அரிசி வேணும். எங்களுக்குன்னு இருந்தது அரிசன ஆஸ்டல் ஒண்ணுதான்.

1997 மே மாசம் எனக்கு ரெண்டாம் வருசம் முடிஞ்ச நேரம். அப்ப அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் பேரு உண்டு: பாண்டியன், சேரன், கட்டபொம்மன், மருதுபாண்டியர். விருதுநகரைத் தலைமையிடமா வச்சு ஒரு புதுக் கழகம் தொடங்கி, அதுக்கு வீரன் சுந்தரலிங்கம்னு பேரு வச்சாங்க. கட்டபொம்மனோட நின்னு வெள்ளைக்காரனை எதுத்து உயிர விட்ட தேவேந்திரகுலத்து வீரர். அந்தப் பேரு எழுதின பஸ்ஸுல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. கலவரம். பஸ்ஸை உடைச்சாங்க, எரிச்சாங்க, ஆள் செத்தாங்க. கல்லூரி வாசல்ல கல்லுல வெட்டி வச்ச சாதிப் பேரு அம்பது வருசமா யாரு கண்ணையும் உறுத்தல. பஸ்ஸுல பெயின்ட்ல எழுதின ஒரு பேரு ஒரு மாசம் நிக்க முடியல.

சுந்தரலிங்கம் எங்க உட்சாதி இல்ல. அன்னைக்குப் பஸ்ஸை மறிச்சவங்க அந்தக் கணக்கெல்லாம் பாக்கல. நாங்க அஞ்சு பொண்ணுங்க ஊருக்குத் திரும்பிக்கிட்டிருந்தோம். எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எறக்கிவிட்டாங்க. எட்டு மைல் நடந்தோம். ஒருத்தி மறு வருசம் கல்லூரிக்கே வரல. அவங்க அய்யா, "படிப்பு வேணாம் தாயி, உசுரோட இரு"ன்னு ஆபீசு வண்டியில ஏத்திவிட்டுட்டாரு. வெடி ஆபீசு பத்திரமான எடம்னு ஒரு தகப்பன் நெனச்ச காலம் அது.

அந்த ஜூன் 30-ல மேலவளவுல பஸ்ஸை மறிச்சு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. ஜூலையில அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களோட பேரையும், எல்லா மாவட்டங்களுக்கும் வச்ச தலைவர்கள் பேரையும் எடுத்துருச்சு. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. ஒரு சுந்தரலிங்கத்தை எறக்குறதுக்காக எல்லாரையும் எறக்கினாங்க. சர்டிபிகேட்டுல மாவட்டப் பேரு வேறயா இருக்கேன்னு மேல்படிப்புக்குப் போன எடத்துல என்கிட்ட ரெண்டு தரம் விளக்கம் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?

1998-ல முதுகலை படிக்க ஒரு பல்கலைக்கழகம் போனேன். எதுன்னு சொல்ல வேண்டியதில்ல. படிச்ச தோழர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தையே நெனச்சுக்கலாம், பெரும்பாலும் சரியா இருக்கும்.

வகுப்புல 34 பேரு. மூணாம் மாசம் ஒருநாள் ஆபீஸ்ல இருந்து ஒரு கிளார்க்கு வந்தாரு. பாடம் நடந்துக்கிட்டிருக்கு. "எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு"ன்னாரு. அஞ்சு பேரு எந்திரிச்சோம். ஒருத்தன் எந்திரிக்கல. அவன் அந்த வருசம் ஸ்காலர்ஷிப்பே வாங்கல. அவனை எனக்கு இப்பவும் நல்லாப் புரியுது. மறுநாள் என் பெஞ்சுல இருந்த பிள்ளை ரெண்டு பெஞ்சு தள்ளிப் போயி உக்காந்துச்சு. கேட்டேன். இங்க ஃபேன் காத்து வரலன்னுச்சு. வரலதான். அதுக்கு முன்ன மூணு மாசமும் வரல.

யாரும் திட்டல. இதைத்தான் அக்காவுக்குப் புரியவைக்க முடியல. "ஏசுனாங்களா? அடிச்சாங்களா? பெறகு என்னத்துக்கு அழுகுற?"ன்னு கேக்கும். ஊருல எங்களை எந்த வாசல்ல நிறுத்துவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். கோடு தெரியும். இங்க கோடு கண்ணுக்குத் தெரியாது, மோதினாத்தான் தெரியும். குரூப்பாச் சேந்து படிக்கச் சொன்னா எல்லாரும் ரெண்டு நிமிசத்துல சேந்துருவாங்க, மிச்சம் நிக்கிறது நாங்க அஞ்சு பேருதான். அப்ப வாத்தியார் "நீங்க ஒரு குரூப்பா இருந்துக்கங்க"ன்னு சொல்லுவாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. டூருக்குக் காசு இல்லாம நாங்க போகல. போகாதவங்களுக்கு ஒட்டுதலே இல்லன்னு பெறகு பேசிக்கிட்டாங்க.

மெஸ்ஸுக்கு வர்றேன். பல்கலைக்கழக விடுதியில மாசக் கடைசியில பில்லு கட்டணும். எங்க பணம் உதவித்தொகை வந்தாத்தான். உதவித்தொகை மார்ச்சுல வரும், சில வருசம் படிப்பு முடிஞ்ச பெறகும் வரும். ஆகஸ்டுல இருந்து நோட்டீஸ் போர்டுல பாக்கி வச்சவங்க பட்டியல் ஒட்டுவாங்க. பேருக்கு நேரா தொகை. அந்தப் பட்டியலை யாரும் சாதிவாரியாப் போடல. ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா நாங்கதான். நவம்பர்ல சாப்பாட்டை நிப்பாட்டுவாங்க. பெரியகுளத்துப் பொண்ணு ஒருத்தி, வடாற்காடு பொண்ணுங்க ரெண்டு பேரு, நான். ரூமுல ஸ்டவ்வு வைக்கக் கூடாது. வச்சோம். ஒரு ஆளு கதவுக்கிட்ட நின்னு பாப்போம், ஒரு ஆளு கஞ்சி காச்சுவோம். வார்டன் வந்தாக் கட்டிலுக்கு அடியில ஸ்டவ்வு போயிரும், வாசனை போகாது.

அக்கா அனுப்புற மணியார்டர் ஐம்பதோ நூறோ வரும். அதுலதான் பிப்ரவரி ஓடும்.

இந்த இடத்துல ஒரு கணக்கு. இந்த உதவித்தொகை யாரோ பாவம் பாத்துக் கொடுத்த தர்மம் இல்ல. வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினராய் இருந்த அம்பேத்கர் 1942-ல் தாழ்த்தப்பட்டோர் குறைகளை எழுதி ஒரு மனு கொடுத்தார். அலிகருக்கும் பனாரசுக்கும் பல்கலைக்கழக மானியம் தருகிற அரசாங்கம் எங்கள் பிள்ளைகள் உயர்கல்வி படிக்கப் பணம் தந்தால் என்ன என்பது அவர் வாதம். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று வாங்கினார். 1944-ல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. எண்பது வருசம் தாண்டிருச்சு. திட்டம் இருக்கு. ஆனா பில்லு வர்ற மாசத்துல பணம் வர்ற வழியை மட்டும் எண்பது வருசமா யாரும் கண்டுபுடிக்கல.

அம்பேத்கருக்கே இந்தத் தனிமை இருந்துச்சு. 1913-ல் பரோடா மகாராஜாவின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுனோடு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். முதலில் ஒரு விடுதி, பிறகு வேறொன்று, கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறை. அந்த அறைத் தோழமை சாகும்வரை நின்றது. 1920-ல் பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்கத் திரும்பப் போனபோது பதேனா கடன் கொடுத்து உதவினார். அதுக்கு ரெண்டு வருசம் முன்னால, கொலம்பியாவில் படிச்சு முடிச்ச அதே மனுசன் பம்பாய் சைடனாம் கல்லூரியில் பேராசிரியராய் வந்து சேர்ந்தப்ப, ஆசிரியர் அறையில் இருந்த தண்ணிப் பானையை அவர் தொடக் கூடாதென்று கூட வேலை பார்த்த பேராசிரியர்கள் ஆட்சேபம் செய்தார்கள். அயல்நாட்டில் ஒரு அறை கிடைத்தது, சொந்த நாட்டில் ஒரு வாய்த் தண்ணிக்குத் தகராறு.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1888-ல் ஹார்வர்டில் சேர்ந்தபோது பல்கலைக்கழக விடுதியில் இருக்கவில்லை. வெளியே ஒரு கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். அம்பேத்கர் 1946-ல் அந்த டுபாய்சுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுக்க இருந்த மனுவைப் பற்றிக் கேட்டு எழுதியது. ரெண்டு பேரும் விடுதி அறையைப் பத்தியும் பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அம்பேத்கர் இதை அனுபவிச்சதாலதான் வெறும் கல்லூரி கட்டாம விடுதியையும் சேத்து யோசிச்சாருன்னு நான் நினைக்கிறேன். மக்கள் கல்விக் கழகத்தை 1945-ல் தொடங்கி, 1946-ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி, 1950-ல் அவுரங்காபாத்தில் கல்லூரி வச்சாரு. அந்த அவுரங்காபாத் மிலிந்த் கல்லூரியும் அதன் விடுதிகளும்தான் பின்னால மராட்டிய தலித் எழுத்துக்கு ஒரு தொட்டில் ஆச்சு. நம்ம பக்கத்துல சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துல 1916-ல நந்தனார் பேருல பள்ளிக்கூடம் தொடங்கினாரு. தங்க எடம் இல்லாதவனுக்குப் படிப்பு இல்லன்னு அவரும் தெரிஞ்சு வச்சிருந்தாரு.

அப்படி எடம் இல்லாம போனவங்களை நாம பாத்திருக்கோம். சேலம் மாவட்டத்துல இருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார். பன்றி வளர்க்கிற குடும்பம். அவருக்கு ஆய்வு வழிகாட்டி ஒதுக்காமலே காலம் போச்சு. 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் உயிரை விட்டார். முதுகலையில எங்க வகுப்புல குரூப் பிரிச்ச கதையைச் சொன்னேன்ல, மேல போனா அதுக்குப் பேருதான் வழிகாட்டி ஒதுக்குறது.

அதே பல்கலைக்கழகத்துல எட்டு வருசம் கழிச்சு ரோகித் வெமுலா. மாதம் 25,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை மாசக்கணக்கா வரல. அஞ்சு தலித் மாணவர்களை விடுதியை விட்டு வெளியேத்தினாங்க. அவங்க வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில கூடாரம் போட்டு, அதுக்கு வெலிவாடான்னு பேரு வச்சாங்க. தமிழ்ப் பத்திரிகைகள்ல அந்தச் சொல்லுக்கு அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுதினாங்க. எனக்கு அர்த்தம் வேண்டியிருக்கல. எங்க வீட்டுத் தெலுங்கு அது. ஊருக்கு வெளிய இருக்குற தெரு, எங்க தெரு. ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு நடுவுல என் தெருவோட பேரு. 2016 ஜனவரி 17-ல ரோகித் போயிட்டாரு. மறு வருசம் மார்ச்சுல டெல்லி ஜே.என்.யூ.வுல சேலத்து முத்துகிருஷ்ணன். ரோகித்துக்காகக் குரல் கொடுத்தவரு.

இவங்க எல்லாரையும் கோழைன்னு சொன்னவங்க உண்டு. அமைப்பு வச்சிருந்த எடத்துலயே இப்படி ஆச்சே, அமைப்பு எதுக்குன்னு கேட்டவங்களும் உண்டு. ஐதராபாத்துல அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993-ல இருந்தே இருக்கு. சங்கம் இருந்ததாலதான் அந்த அஞ்சு பேரும் அஞ்சு ரூமுல தனித்தனியா அழுகாம ஒரே கூடாரத்துல உக்காந்தாங்க. 2015 மே மாசம் சென்னை ஐ.ஐ.டி.யில அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தோட அங்கீகாரத்தை எடுத்தப்ப, நாடு முழுக்கச் சத்தம் வந்து ஜூன்ல திருப்பிக் குடுத்தாங்க. சேந்து உக்காந்து படிக்கிறதுக்கு நிர்வாகம் ஏன் பயப்படுதுன்னு யோசிக்கணும்.

எங்க ரூமுலயும் ஒரு வட்டம் இருந்துச்சு. பேரு கிடையாது. அம்பேத்கர் நூற்றாண்டு 1991-ல வந்துட்டுப் போன சூடு இன்னும் ஆறாத காலம். அவரு எழுத்தெல்லாம் தமிழ்ல தொகுதி தொகுதியா வந்துக்கிட்டிருந்துச்சு. கஞ்சி குடிச்ச பெறகு ஒருத்தி சத்தமா வாசிப்பா, மத்தவங்க கேப்போம். புரியலன்னா சண்டை போடுவோம். பெரியகுளத்துப் பொண்ணு பறையர், வடாற்காடு பொண்ணுங்களும். நான் மட்டும் சக்கிலியர். ஆரம்பத்துல அந்த ரூமுலயும் என் தம்ளர் கொஞ்சம் தள்ளித்தான் இருந்துச்சு. இதை மறைக்கக் கூடாது. நம்ம பத்திரிகைகள்ல இதை எழுத ரொம்ப நாள் தயங்கினாங்க. 2009-ல அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்தப்ப நடந்த வாக்குவாதங்களைப் பாத்தவங்களுக்குத் தெரியும், தம்ளர் எத்தனை எடத்துல தள்ளி இருந்துச்சுன்னு. எங்க ரூமுல அது எப்படி நகந்துச்சுன்னா, ஒருநாள் ராத்திரி வாசிச்சுக்கிட்டிருந்தவ, சாதி படிக்கட்டு மாதிரி அடுக்கி வச்சதுங்கற பகுதிக்கு வந்ததும் நிப்பாட்டிட்டா. கொஞ்ச நேரம் யாரும் பேசல. பெறகு எந்திரிச்சுப் போயி நாலு தம்ளரையும் கழுவி ஒண்ணாக் கவுத்து வச்சா. மன்னிப்பு கேக்கல, நானும் எதிர்பாக்கல. மறுநாள்ல இருந்து யாரு தம்ளரு யாருதுன்னு தெரியாது. அன்னைக்குத்தான் நான் அந்தப் பல்கலைக்கழகத்துல சேந்தேன்னு சொல்லணும். அட்மிசன் போட்டு ஏழு மாசம் கழிச்சு.

லீவுக்கு ஊருக்கு வந்தா வேற தனிமை. நான் பேசுறது இங்கிலீசு மாதிரி இருக்குன்னு சின்னம்மாமாரு சொல்லுவாங்க. எம்.ஏ. படிச்ச பிள்ளைகிட்ட புருசன் அடிச்ச கதையைச் சொல்லலாமான்னு யோசிப்பாங்க. நான் வர்றது தெரிஞ்சா வண்டியில பாட்டை நிப்பாட்டுவாங்க. ஆமா, லீவுல நானும் ஆபீசுக்குப் போனேன். பரீட்சைப் பீசுக்கு வேற வழி இல்ல. படிக்கிற பிள்ளைக லீவுக்கு ஆபீசுக்குப் போறது இன்னைக்கும் உண்டு. ஆனா முதல் நாள் நிப்பாட்டின பாட்டை மூணாம் நாள் திரும்ப எடுத்துருவாங்க. பல்கலைக்கழகத்துல அந்த மூணாம் நாள் வர ஏழு மாசம் ஆச்சு, அதுவும் ஒரு ரூமுக்குள்ள மட்டும்.

எங்கக்கா இப்ப ஆபீசுக்குப் போறதில்ல, நெஞ்சு சளி. அது மக ரெண்டு பேரும் பட்டம் படிச்சிருக்கு. வெடி ஆபீசுகளும் முன்ன மாதிரி இல்ல. 2018 அக்டோபர்ல உச்சநீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னு சொன்னதுல இருந்து பல ஆபீசுகள் நாள் கணக்கா மூடிக் கெடக்கு. ஆபீசு மூடினா முதல்ல நிக்கிறது கல்லூரிப் பீசு. டெல்லியில காத்து சுத்தமாகணும்னு பேசுறவங்களுக்கு இந்த முடிச்சு தெரிய நியாயம் இல்ல. அவங்க பேசுறதும் தப்பில்ல.

2020 டிசம்பர்ல உதவித்தொகைக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு புதுக் கணக்கு வந்துச்சு. மத்திய அரசுப் பங்கு மாணவரோட வங்கிக் கணக்குக்கே வருதுன்னு மாத்தினாங்க. நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். ஆனா கல்லூரி பீசை முன்னாலயே கேக்குது, கணக்குக்குப் பணம் பின்னால வருது. ஆதார் இணைக்கல, பேருல ஒரு எழுத்து மாறிருச்சு, சாதிச் சான்றிதழ் சரிபாக்கலன்னு வேற நிக்கும். முன்ன கிளார்க்கு எந்திரிக்கச் சொன்னாரு. இப்ப கம்ப்யூட்டர் சொல்லுது.

அந்த ரூமுல இருந்த நாலு பேரும், பெறகு சேந்தவங்களும் சேத்து இப்ப 26 பேரு இருக்கோம். வாத்தியார், நர்சு, கிராம நிர்வாக அலுவலர், ரெண்டு வக்கீலு, வேலை இல்லாதவங்க மூணு பேரு. மாசம் முன்னூறு ரூபா ஒவ்வொருத்தரும் போடுறோம், முடியாதவங்க அம்பது போடுறாங்க. உதவித்தொகை வர்ற வரைக்கும் விடுதிப் பாக்கி, பரீட்சைப் பீசு கட்ட முடியாத பொண்ணுங்களுக்கு நாங்க கட்டிருவோம். எழுதி வாங்குறது இல்ல. பணம் வந்தாத் திருப்பிக் கட்டணும், அவ்வளவுதான். போன வருசம் 14 பேருக்குக் கட்டினோம். ஒம்பது பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. மத்த அஞ்சு பேருக்கு உதவித்தொகை இன்னும் வரல.